எலி அட்டையும் ஒளி அட்டையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழில் சென்ற மாதம் வெளிவந்த என் வரி விளம்பரம் பற்றி எழுதுகிறேன். புகார் என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். பிழையில் பாதி என் கையெழுத்தைச் சேர்ந்தது.

நான் எழுதிக் கொடுத்தது இது: ‘பழைய கம்ப்யூட்டர் ஒலி அட்டை தேவை. மிடி வசதி அவசியம்.’ ஒலி அட்டை என்றால் கம்ப்யூட்டருக்குள் சத்தம் எழுப்பும் சவுண்ட் கார்டு. மிடி என்பது இசைக் கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கும் ஏற்பாடு. என் ‘ஒ’ கொஞ்சம் அவசரக்காரன், சுழியை முடிக்காமலே அடுத்த எழுத்துக்குப் போய்விடுவான். அதனால் அச்சில் வந்தது: ‘பழைய கம்ப்யூட்டர் எலி அட்டை தேவை.’

காலை ஆறேகாலுக்கு முதல் போன், பெருந்துறையிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர். “ஏனுங், எலி அட்டை வேணும்னு போட்டிருந்தீங்களாட்டம் இருக்குதுங். பசை தடவின அட்டை புதுசே நம்மகிட்ட இருக்குதுங். பழசு எதுக்குங்? பழசுல முன்னயே எலி ஒட்டியிருக்குமுங்களே!” விவரம் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப கம்ப்யூட்டர் ஒயரை எலி கடிக்கறதில்லீங்களா?” என்றார். கடிக்கிறது என்பதால் இரண்டு அட்டை வாங்கிக்கொண்டேன்.

அடுத்து திருப்பூர். ஏற்றுமதியில் கழித்த துணியை மொத்தமாக எடுத்து விற்பவராம். “எலி சமாச்சாரம் எனக்குத் தெரியாதுங். மிடி எத்தனை பீஸ் வேணுமுங்? எந்த வயசுப் பிள்ளைக்குங்?” மூன்றாவதாகப் பேசியவர் கோபியில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மிடி என்றால் வறுமை. ‘வறுமை வசதி அவசியம்’ என்று எழுதுவது முரண் அல்லவா என்று அரைமணி நேரம் வகுப்பு எடுத்தார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மறுவாரமே திருத்தம் போட்டார்கள், கட்டணம் வாங்கவில்லை. அந்த நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் அதில் ‘ஒளி அட்டை’ என்று இருந்தது. அன்று முதல் மண்டபத்துக்கு சீரியல் செட் போடுகிறவர்கள், கோயில் நோன்பிக்கு லைட் கட்டுகிறவர்கள் எல்லோரும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அச்சுப்பிழையைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருடம் கணக்கு எழுதியவன் நான். ஒரு தீபாவளிக்கு ‘பெட்ஷீட் தள்ளுபடி விற்பனை’ என்று டைப் அடிக்க வேண்டிய நோட்டீஸில் ‘தள்ளுபிடி விற்பனை’ என்று அடித்துவிட்டேன். 500 பிரதி ஊரெல்லாம் போய்விட்டது. விற்பனை நாளன்று கவுண்டரில் நடந்ததைப் பார்த்த செயலாளர், “சரியாத்தான்யா அடிச்சிருக்கறே” என்றார்.

அந்தச் சங்கத்தில்தான் அட்டை என்ற சொல்லே எனக்குப் பழக்கம். ஜக்கார்டு தறியின் தலைக்கு மேல் ஓட்டை போட்ட அட்டைகள் கோர்வையாகத் தொங்கும். அட்டையில் நூலும் கிடையாது, பூவும் கிடையாது. எந்தப் பாவு இழை எப்போது எழ வேண்டும் என்ற கட்டளை மட்டும்தான் அந்த ஓட்டைகளில் இருக்கிறது. மிடியும் அப்படித்தான். 1983இல் வந்த ஏற்பாடு. அதற்குள் ஓசை ஒரு துளிகூட இல்லை. எந்தக் கட்டையை, எவ்வளவு அழுத்தமாக அமுக்கினாய், எப்போது விட்டாய் என்ற குறிப்பு மட்டும் ஐந்து முனைச் செருகி வழியே ஓடும். நெய்வது ஒலி அட்டை.

எங்கள் பக்கம் பெண்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் வள்ளி கும்மி பழகுகிறார்கள். அவர்கள் மெட்டுக்குக் குழல் எங்கே நுழையலாம், தாளம் எங்கே இரட்டிக்கலாம் என்று கோர்ப்பது என் பொழுதுபோக்கு. கையில் இருப்பவை ஒரு பழைய கீபோர்டும், சங்கம் ஏலம் விட்ட கம்ப்யூட்டரும். அந்தக் கம்ப்யூட்டரோடு வந்த மென்பொருளில் வாசித்தால், கட்டையை அமுக்கிக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வருகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்குதானே என்பார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கணக்குப் போட்டால், 34 மீட்டர் தள்ளி நிற்பவரின் தாளத்துக்குக் கும்மி அடிப்பது மாதிரி. மலைமேல் ஸ்பீக்கரும் அடிவாரத்து ஸ்பீக்கரும் ஒரே பாட்டை முன்னும் பின்னுமாகப் பாடுவதைக் கேட்ட எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொரு வருத்தம். 1991இல் ‘ஜெனரல் மிடி’ என்று 128 ஓசைகளுக்கு எண் கொடுத்து வைத்தார்கள். 105 சித்தார், 112 ஷெனாய். 126இல் ஹெலிகாப்டர் இருக்கிறது. 128 துப்பாக்கிச் சூடு. தவில் இல்லை, நாகசுரம் இல்லை, பறை இல்லை. ஹெலிகாப்டர் வைத்துக் கும்மி கோர்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறாரோ! 1998இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் என்ற அட்டையில் நாமே பதிந்த ஓசையை ஏற்றிக்கொள்ளலாம். அட்டையே வாசிப்பதால் தாமதம் காதுக்குத் தெரியாது. பக்கத்துத் தெருவில் தவில்காரர் இருக்கிறார், ஒவ்வொரு தாளச் சொல்லாகத் தட்டிக் கொடுத்தும்விட்டார். ஏற்றுவதற்கு அட்டைதான் இல்லை.

ஈரோடு மேட்டூர் ரோட்டில் கேட்டேன். கோவை காந்திபுரம் நூறடி ரோட்டில், “அதெல்லாம் இப்ப மதர்போர்டுலயே வந்துருதுங்ணா” என்றான் ஒரு பையன். அந்த ‘அண்ணா’வுக்காகவே அவன் கடையில் ஒரு மவுஸ் வாங்கினேன். உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் ஒருநாள் முழுக்கக் குனிந்து தேடியதில் இடுப்பு வலிதான் மிச்சம். தங்கை மகன், “மாமா, யூஎஸ்பியில சொருகற பெட்டி புதுசு ஒண்ணு வாங்கிக்குங்க, ஏழாயிரம் போட்டா வேலை முடிஞ்சுது” என்கிறான். என் பழைய கம்ப்யூட்டருக்கு அது ஒத்துவராது. கம்ப்யூட்டரையும் மாற்ற வேண்டும். பென்ஷன்காரனுக்கு மிடி என்றால் என்ன என்று கோபி ஆசிரியர் சொன்னது அப்போதுதான் விளங்கியது.

அட்டை கிடைத்துவிட்டது, அதற்குத்தான் இந்தக் கடிதம். ‘ஒளி அட்டை’ திருத்தத்தைப் பார்த்துக் காங்கயத்திலிருந்து ஒரு லைட் செட்காரர் பேசினார். லைட்டுக்கு அட்டை என்றால் என்ன என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம். விவரம் கேட்டவர், “பையன் படிச்ச காலத்துக் கம்ப்யூட்டர் ஒண்ணு குடோன்ல கெடக்குதுங், வந்து பாத்துக்குங்” என்றார். பஸ் ஏறிப் போனேன். சீரியல் பல்ப் மூட்டைகளுக்கு அடியில் இருந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே நான் தேடியதே, பதினைந்து முனைத் துளையோடு, தூசி மூடி. காசு வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு பெட்ஷீட் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆகவே மூன்றாவது திருத்தம் எதுவும் போட வேண்டாம். ஒன்று மட்டும் பாக்கி. அந்தப் பதினைந்து முனைத் துளையிலிருந்து கீபோர்டின் ஐந்து முனைச் செருகிகள் இரண்டுக்கும் போகிற வயர் வேண்டும். புது விளம்பரத்தை இந்த முறை தங்கை மகனை டைப் அடிக்கச் சொல்லி, கட்டணத்துடன் இணைத்திருக்கிறேன்: ‘மிடி வடம் தேவை.’ அச்சுக் கோர்ப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கடைசி எழுத்து ‘ம்’. வடை எங்கள் பஸ் ஸ்டாண்டிலேயே கிடைக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சங்கக் கணக்கர்,
சென்னிமலை.