அட்மிரலுக்குக் கடற்படையே இல்லாத காலம்

ஐயா,

தங்கள் நாளிதழின் போட்டித் தேர்வுப் பக்கத்தில், 'இடைக்கால இங்கிலாந்தில் அரசரின் நிரந்தரக் கடற்படைக்குத் தலைவர் அட்மிரல்' என்று ஒரு விடை வந்திருந்தது. அது தவறு. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்கள் என்பதால் எழுதுகிறோம்.

அன்று இங்கிலாந்து அரசருக்கு நிரந்தரக் கடற்படை கிடையாது. சொந்தக் கப்பல்கள் சொற்பம். போர் வந்தால் வணிகர்களின் கப்பல்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள். தேர்தல் வேலைக்குத் தனியார் வேனையும் பஸ்ஸையும் பிடிப்பது நம் கிருஷ்ணகிரியில் யாருக்கும் புதிதில்லை. ஏறக்குறைய அதே முறைதான். அட்மிரலின் ஆட்கள் துறைமுகம் துறைமுகமாகப் போவார்கள். ஒரு கப்பலில் எத்தனை பீப்பாய் ஒயின் ஏறும் என்பதுதான் அதன் டன் கணக்கு. அதைப் பார்த்து, சரக்கை இறக்கவைத்து, இன்ன நாளில் இன்ன துறைக்கு வந்து சேர வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள்.

14-ஆம் நூற்றாண்டில் கப்பல் தலைவனுக்கு நாள் கூலி 6 பென்ஸ், மாலுமிக்கு 3 பென்ஸ். கப்பலுக்கோ நெடுங்காலம் வாடகையே இல்லை. நாடாளுமன்றத்தில் முறையிட்ட பிறகு, 1380-ல்தான் டன்னுக்கு மூன்று மாதத்துக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் என்று ஏற்பாடானது. படை வரத் தாமதமானாலும் எதிர்க்காற்று அடித்தாலும் கப்பல்கள் வாரக்கணக்கில் துறையிலேயே கிடக்கும். வியாபாரம் கெடும், மாலுமிகள் ஓடிப்போவார்கள்.

அட்மிரல் பதவி ஏன் இரண்டாகப் பிரிந்திருந்தது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். தேம்ஸ் முகத்துவாரத்துக்கு வடக்கே ஓர் அட்மிரல், அங்கிருந்து தெற்கிலும் மேற்கிலும் இன்னொருவர். தெற்குப் பக்கத்து ஹேஸ்டிங்ஸ், ரோம்னி, ஹைத், டோவர், சாண்ட்விச் ஆகிய ஐந்து துறைமுகங்களும் ஆண்டுக்கு 57 கப்பல்களை 15 நாள் சொந்தச் செலவில் தர வேண்டும். அதற்கு ஈடாக அவற்றுக்குச் சலுகைகள் உண்டு. இந்தத் துறைமுகத்தாருக்கும் வடக்கே யார்மவுத் துறைமுகத்தாருக்கும் தீராப் பகை. 1297-ல் அரசர் முதலாம் எட்வர்டு ஃபிளாண்டர்ஸுக்குப் (இன்றைய பெல்ஜியப் பகுதி) படையெடுத்துப் போனபோது, எதிரியை விட்டுவிட்டு இவர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக் கப்பல்களை எரித்தார்கள். ஒரே தலைமையின் கீழ் இவர்களை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கடல் வழக்குகளை விசாரிப்பதும் அட்மிரலின் வேலைதான். நிலத்து வழக்குகளிலும் கை வைக்கிறார்கள் என்று புகார் எழுந்ததால் 1389-லும் 1391-லும் சட்டம் போட்டு அதிகாரத்தைக் கடலோடு நிறுத்தினார்கள். பெரிய ஆறுகளில், பாலங்களுக்குக் கீழே நிற்கும் பெரிய கப்பல்களில் நடக்கும் கொலையையும் உறுப்புச் சிதைப்பையும் மட்டும் அட்மிரல் தொடர்ந்து விசாரிக்கலாம்.

'முதல் அட்மிரல் யார்' என்ற கேள்வியும் அடிக்கடி குழப்புகிறது. தலைவர் என்று பொருள்படும் அரபு 'அமீர்' என்ற சொல்லிலிருந்து பிறந்த இந்தப் பட்டம், 1286-ல் வில்லியம் டி லேபர்னுக்கு இருந்ததாக ஆவணம் உண்டு. வடக்கு, மேற்கு என்ற அந்த இரண்டு அட்மிரல் பதவிகளும் 1408-ல் தாமஸ் போஃபர்ட்டிடம் சேர்ந்தே வந்தன. அதன்பின் பதவியைப் பிரிக்கவில்லை. கேள்வி எந்த ஆண்டைக் கேட்கிறது என்று தெளிவாக அச்சிட்டுத் திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர்கள் சிலர்,
பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.