எல்லா சர்ச்சும் ஒன்றல்ல

ஐயா,

தர்மபுரியில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபை) பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் 'தர்மபுரி மறைமாவட்டம்' என்றே போடுகிறீர்கள். அது கத்தோலிக்கருடையது, 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்தது. சி.எஸ்.ஐ.க்கு இங்கே தனி நிர்வாகமே கிடையாது. தர்மபுரி சபை கோவை திருமண்டலத்தில் (ஒரு பேராயரின் கீழ் வரும் சி.எஸ்.ஐ. நிர்வாகப் பகுதி) சேர்ந்தது.

ஆங்கிலிக்கன் திருச்சபை, அதாவது இங்கிலாந்துத் திருச்சபை, 1814-ல் கல்கத்தாவிலும், 1835-ல் சென்னையிலும் பேராயரை (பிஷப்பை) அமர்த்தியது. ஆனால் அன்றைய சேலம் ஜில்லாவில் பெரும்பாலும் வேலை செய்தது லண்டன் மிஷன். அவர்களிடம் பேராயரே கிடையாது! 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஏற்கெனவே இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சி.எஸ்.ஐ.யாக ஒன்றானபோதுதான் நம் பக்கத்துச் சபைகளும் பேராயரின் கீழ் வந்தன.

சி.எஸ்.ஐ. பேராயரைக் கத்தோலிக்கர்களுக்குப் போல ரோமிலிருந்து நியமிப்பதில்லை. திருமண்டலப் பெருமன்றத்தில் ஆயர்களோடு (போதகர்களோடு) சாதாரண சபையாரும் ஓட்டுப் போட்டுச் சில பெயர்களை அனுப்புவார்கள். சி.எஸ்.ஐ.யின் தலைமை மன்றமான சினாட் அதில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். (தேர்தல் என்றால் அப்புறம் கோஷ்டியும் வரும், அதை விடுங்கள்.)

கிருஷ்ணகிரியில் இன்னும் குழப்பம். அங்கே 1895-ல் அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் மிஷன் வந்தது. அந்த வழிவந்த சபைக்கும் சி.எஸ்.ஐ.க்கும் நிர்வாகத் தொடர்பு இல்லை. சர்ச் வாசலில் உள்ள போர்டைப் படித்தாலே எந்தச் சபை என்று தெரிந்துவிடும். நிருபர்கள் அதைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

– ஒரு வாசகர், பென்னாகரம்