சீனுவின் பசியைப் பற்றி

மேற்கு மாம்பலம்,
சென்னை – 33.

அன்பு மகளுக்கு,

நலம். உன் நலத்தையும் மாப்பிள்ளையின் நலத்தையும் அறிய ஆவல். வைகாசியில் வளைகாப்புக்கு வந்து, பேறுகாலம் முடியும்வரை நீ இங்கேயே தங்குவது என்று முடிவானதிலிருந்து அம்மா உன் அறையை ஒழிப்பதும் அடுக்குவதுமாக இருக்கிறாள். நம் நாய் சீனுவைப் பற்றி நீ தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், "நன்றாக இருக்கிறான், மருந்து கொடுக்கிறோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பல மாதங்கள் நீயும் அவனும் ஒரே வீட்டில் இருக்கப்போவதால், அவனுக்கு என்ன நோய், அவனிடம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதையெல்லாம் நிதானமாக எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றியது.

முதலில் உன்னைப் பற்றியது. சீனுவுக்குக் கொடுக்கும் ட்ரைலோஸ்டேன் கேப்சூலை நீ கையால் தொடவே கூடாது. கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் உருவாவதற்குத் தேவையான ஒரு நொதியை அந்த மருந்து தடுக்கிறது. கருவைத் தாங்கிக் காக்கும் புரோஜெஸ்டிரோன் உருவாவதற்கும் அதே நொதிதான் வேண்டும். ஆகவே, கருவுற்ற பெண்களும் கருத்தரிக்க எண்ணியிருக்கும் பெண்களும் இம்மருந்தைக் கையாள வேண்டாம் என்று மருந்துக் குறிப்பிலேயே எச்சரித்திருக்கிறார்கள். கேப்சூலைப் பிரித்துத் தூளைப் பங்கிட்டுக் கொடுப்பதும் கூடாது. மருந்து அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. நான்தான் கொடுக்கிறேன், கொடுத்த கையோடு சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறேன். அவன் துப்பிய கேப்சூல் தரையில் கிடந்தாலும் நீ குனிந்து எடுக்காதே, என்னைக் கூப்பிடு. அவனைத் தடவுவதற்கும் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வதற்கும் எந்தத் தடையும் இல்லை.

இனி நோய்க்கு வருகிறேன். சிறுநீரகங்களை ஒட்டியிருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசாலை அளவுக்கு மீறிச் சுரப்பதால் வருவது குஷிங் நோய். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் 1912இல் ஒரு பெண் நோயாளியிடம் இதைக் கண்டு எழுதினார். 1932இல் இதற்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கும் உள்ள தொடர்பை விரிவாக விளக்கினார். மனிதர்களிடம் மிக அரிதான இந்நோய், நடுவயதைக் கடந்த நாய்களிடம் அவ்வளவு அரிதில்லை. சீனுவைப் போன்ற டாஷ்ஹண்ட் நாய்களிடமும், பூடில், பாக்ஸர், பீகிள் நாய்களிடமும் சற்றுக் கூடுதலாகவே காணப்படுகிறது. நூற்றுக்கு 80 முதல் 85 நாய்களில் மூளையின் அடியிலிருந்து இரு அட்ரீனல்களையும் சுரக்கத் தூண்டும் பிட்யூட்டரியில் வளரும் சிறு கட்டிதான் காரணம். எஞ்சியவற்றில் பெரும்பாலும் அட்ரீனல் சுரப்பியிலேயே கட்டி வளர்ந்திருக்கும். சீனுவுக்கு வயிற்று ஸ்கேனில் இரு பக்கத்துச் சுரப்பிகளும் ஒன்றுபோலப் பருத்திருந்ததால் பிட்யூட்டரி வகை என்று சொன்னார்கள். "அறுவை சிகிச்சை செய்ய முடியாதா?" என்று நீ கேட்டாயே, அட்ரீனலில் மட்டும் கட்டி இருந்தால் அதைப் பற்றி யோசிக்கலாம், இவனுக்கு மருந்துதான் வழி.

மருத்துவர் எல்லாவற்றுக்கும் முன்பாகக் கேட்ட கேள்வி, அரிப்புக்காகவோ காதுக்காகவோ கார்ட்டிசாலைப் போல வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் கொடுத்தீர்களா என்பது. காதில் விடும் சொட்டு மருந்திலும் தோலில் தடவும் களிம்பிலும் உள்ள ஸ்டீராய்டுகூடத் தொடர்ந்து சேர்ந்தால் இதே அறிகுறிகளை உண்டாக்கும். அப்படியானால் சிகிச்சையே வேறு, அந்த மருந்தை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்த வேண்டும். உன் தோழி தன் நாய்க்குக் கடையில் கேட்டு வாங்கிய ஊசியும் களிம்புமாக வைத்தியம் பார்ப்பதாக முன்பு சொன்னாய். அவளிடம் இதை அவசியம் சொல்.

நான் இக்கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அவனுடைய பசியைப் பற்றிச் சொல்வதற்காகத்தான். சென்ற ஆண்டு நீ வந்திருந்தபோது அவன் தின்றதை நினைத்துப் பார். தன் தட்டைக் காலி செய்த கையோடு அடுக்களை வாசலில் வந்து நிற்பான். குப்பைக் கூடையைக் கவிழ்த்து முருங்கைக்காய்ச் சக்கையை எடுப்பான். இட்லி மாவுப் பாத்திரத்தைக் கழுவப்போட்டால் அதையும் நக்குவான். பார்த்தவர்களெல்லாம் "வயசானாலும் நல்லாச் சாப்பிடுறான், கொழுகொழுன்னு இருக்கான்" என்று மகிழ்ந்தார்கள். அந்தப் பசி கார்ட்டிசால் கிளப்பிவிட்ட பசி. எவ்வளவு தின்றாலும் அடங்காது. ஒரு பக்கம் தின்றுகொண்டிருக்க, மறுபக்கம் உடல் தன் தசையைத் தானே கரைத்துக்கொண்டிருந்தது. வயிறு தொங்கியது கொழுப்பால் மட்டுமல்ல. வயிற்றுச் சுவரின் தசை தளர்ந்ததும் கல்லீரல் பருத்ததும் சேர்ந்துதான் அந்தத் தோற்றத்தைத் தந்தன.

இப்போது, வைத்ததைத் தின்றுவிட்டுத் தன் சாக்கில் போய்ப் படுத்துக்கொள்கிறான். உன் அம்மாவுக்கு இது மனக்குறை. "முன்ன மாதிரி கேட்டு வாங்கிச் சாப்பிடுறதில்லை" என்கிறாள். நீயும் வந்ததும் அப்படி நினைத்து, இரக்கப்பட்டு, உன் தட்டிலிருந்து ஊட்டிவிடாதே. அவன் கேட்டு வாங்காமல் இருப்பதுதான் நாம் இத்தனை பாடுபட்டு அடைந்த நிலை. ஆனால் வைத்த சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறான் என்றால் அது முற்றிலும் வேறு செய்தி. மருந்து அளவுக்கு மேல் வேலை செய்து, கார்ட்டிசால் உடலுக்குத் தேவையான மட்டத்துக்கும் கீழே போய்விட்டது என்பதற்குப் பெரும்பாலும் முதல் அடையாளம் அதுதான். பசி அலைச்சல் அடங்குவது நன்மை, பசியே இல்லாமல் போவது ஆபத்து. இந்த இரண்டையும் பிரித்தறிவதற்கு நாள்தோறும் அவன் தின்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதை எந்த மருத்துவரும் நமக்காகச் செய்ய முடியாது, வீட்டிலிருப்பவர்கள்தான் செய்ய வேண்டும்.

அதனால் காலையிலும் மாலையிலும் நான் ஒரே முறையைக் கடைப்பிடிக்கிறேன். வேகவைத்த கோழியும் சோறும் காயும் கலந்து, பாதியை முதலில் வைப்பேன். அவன் ஆசையோடு தின்கிறானா என்று பார்த்துவிட்டு, சிறு தயிர்சாத உருண்டைக்குள் கேப்சூலை வைத்துக் கொடுத்து, மீதிச் சோற்றை வைப்பேன். உணவோடு சேர்ந்தால்தான் அந்த மருந்து உடலில் நன்றாகச் சேரும். தின்னவில்லையென்றால் மருந்து கிடையாது, மருத்துவருக்குத்தான் தொலைபேசி. சோறு மறுப்பதோடு வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம், எழுந்து நிற்க முடியாத சோர்வு இவற்றில் எது சேர்ந்தாலும், இரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறிக்கொண்டிருக்கலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நான் வீட்டில் இல்லாவிட்டால் அம்மாவும் பக்கத்து வீட்டுத் தம்பியும் அவனை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போவார்கள். எண்களை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். காலையில் அளந்து ஊற்றுவது, மறுநாள் காலை மீதியை அளந்து கழிப்பது, இவ்வளவுதான். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 100 மில்லிலிட்டருக்கு மேல் குடித்தால் அது மிகை என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 9 கிலோ எடையுள்ள சீனுவுக்கு 900 மில்லிலிட்டர். சிகிச்சைக்கு முன் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு குடித்துக்கொண்டிருந்தான். இப்போது பாதிக்கும் கீழே இருக்கிறது. வீடெல்லாம் சிறுநீர் கழிக்கும் நாயைப் பார்ப்பவர்கள் "ராத்திரி தண்ணியை எடுத்து வெச்சிடுங்க" என்று யோசனை சொல்வார்கள். அதை ஒருபோதும் செய்யாதே. சிறுநீரகம் நீரைத் தக்கவைத்துக்கொள்ள உதவும் ஹார்மோனின் வேலையைக் கார்ட்டிசால் கெடுப்பதால், முதலில் நீர் வெளியேறுகிறது, அதை ஈடுகட்டத்தான் தாகம் எடுக்கிறது. தண்ணீரை மறைத்தால் உடல் வறண்டுபோகும். கத்திரி வெயிலில் எல்லா நாயும் கூடுதலாகக் குடிக்கும், மூச்சிரைக்கும். ஆகவே சித்திரை, வைகாசி அளவை அந்த வெயிலை மனத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இரவில் மின்விசிறிக்கு அடியில் குளுமையாகப் படுத்திருக்கும்போதும் இரைத்தால் எனக்குச் சொல்.

பரிசோதனைகளைப் பற்றி விரிவாக எழுதவேண்டியதில்லை. காலைச் சிறுநீரை வீட்டிலேயே பிடித்துக்கொண்டுவரச் சொன்னார்கள். மருத்துவமனைக்கு வரும் அச்சத்திலேயே கார்ட்டிசால் ஏறிவிடும் என்பதால் அப்படி. அதன்பின் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டு, போடுவதற்கு முன்னும், 4 மணி நேரத்திலும், 8 மணி நேரத்திலும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நலமான உடலில் அந்த ஊசிக்குப் பின் கார்ட்டிசால் அடங்கிவிடும், இவனுக்கு அடங்கவில்லை. நாம் காட்டுவது வேப்பேரியில், 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில்தான். அந்த எட்டு மணி நேரமும் அவன் என் காலடியிலேயே படுத்திருந்தான்.

நீ வந்து பார்க்கும்போது அவன் தோற்றத்தைக் கண்டு கலங்காதே. தாகமும் சிறுநீரும் சில வாரங்களிலேயே குறையும். தோலும் முடியும் திருந்த 3 முதல் 6 மாதங்கள் வரை ஆகும், தொடக்கத்தில் முடி இன்னும் கொட்டுவதும் உண்டு. இரு விலாவிலும் முடி போயிருக்கிறது. ஸ்கேனுக்காக வயிற்றில் மழித்த இடம் இன்னும் சரியாக மூடவில்லை. தோல் மெல்லியதாகிவிட்டதால் சிறு கீறலும் ஆறத் தாமதிக்கிறது. ஆகவே கழுத்துப்பட்டையை விட்டுவிட்டு, மார்பைச் சுற்றிக் கட்டும் மெத்தென்ற வாரை வாங்கியிருக்கிறோம். அவனைக் கட்டிலில் ஏறவும் குதிக்கவும் விடாதே. டாஷ்ஹண்ட் நாய்களுக்கு முதுகெலும்பில் கோளாறு வரும் ஆபத்து இயல்பிலேயே உண்டு. தசை வலுக் குறைந்த இந்நிலையில் இன்னும் கவனம் தேவை. படியில் நான்தான் தூக்கிக்கொண்டு இறங்குகிறேன், நீ தூக்க முயலாதே.

வளைகாப்பன்று வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், கலந்த சாதங்களும் வடையும் பாயசமும் இருக்கும். இந்நோய் உள்ள நாய்களுக்குக் கணைய அழற்சி வரும் வாய்ப்புக் கூடுதல் என்பதால் நெய்யும் எண்ணெயும் சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது. வெங்காயமும், பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சையும் எந்த நாய்க்குமே நஞ்சு. வரும் உறவினர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லி முடியாது. ஆகவே அன்று முழுவதும் அவன் உன் அறையில் இருப்பான், சாவி என்னிடம் இருக்கும்.

பெரியப்பா ஒருநாள், பதினொரு வயது நாய்க்கு இவ்வளவு செலவும் அலைச்சலும் தேவையா என்று கேட்டார். அவர் அன்பில்லாதவர் அல்லர், என் உடல்நிலையை எண்ணிக் கேட்டார். இந்த மருந்து நோயைப் போக்காது, கட்டி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அது பெரிதானால் அவன் மந்தமாகவோ சுற்றிச் சுற்றி நடப்பவனாகவோ ஆகலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். சிகிச்சை பெறும் நாய்கள் பொதுவாக 2 ஆண்டுகளோ அதற்கு மேலுமோ வாழ்கின்றன. அவற்றில் பல, கடைசியில் முதுமையாலோ வேறு நோயாலோதான் இறக்கின்றன. நான் ஆயுளைக் கணக்கிட்டு இதைச் செய்யவில்லை. இரவில் தாகமெடுத்து எழுந்து, அடக்க முடியாமல் கூடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்பானே, அந்த வேதனை அவனுக்கு இப்போது இல்லை. இரவு முழுவதும் உறங்குகிறான். அவனை அப்படி உறங்கவைப்பது என் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடைசியாக, உன் பயணத்தைப் பற்றி. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை செய்யும் இரத்தப் பரிசோதனை நீ வரும் வாரத்தில், புதன்கிழமை வருகிறது. அன்றும் வழக்கம்போல அவன் சாப்பிட்டு, மருந்தும் எடுத்து, அதற்குப் பின் 4 முதல் 6 மணி நேரத்துக்குள் இரத்தம் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றோடு அழைத்துப்போனால் முடிவு பயன்படாது. எனவே அன்று காலை முழுவதும் நான் அவனோடுதான் இருக்க வேண்டும், விமான நிலையத்துக்கு வர இயலாது. புதன்கிழமையைத் தவிர்த்து வேறு எந்த நாளிலாவது டிக்கெட் போட்டுவிட்டு, நேரத்தை அம்மாவுக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா