சோதனைத் தளத்துக்குப் புதுப் பெயர்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள முதல்வர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

சென்ற பருவத்தில் எங்கள் வாடிக்கையாளர் கல்லூரி ஒன்றில், 43 மாணவர்கள் எழுதிய உள்மதிப்பீட்டுத் தேர்வின் விடைகள் திங்கட்கிழமை காலையில் காணாமல் போயிருந்தன. தேடிப் பார்த்தபோதுதான், அவர்கள் தேர்வு எழுதியது, மாற்றங்களைச் செய்து பார்ப்பதற்காக நாங்கள் வைத்திருக்கும் சோதனைத் தளத்தில் என்று தெரிந்தது. அந்தத் தளத்தை ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் அழித்து, மாணவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் நேரடித் தளத்தின் புதிய நகலை வைப்பது எங்கள் வழக்கம். விடைகளை மீட்க முடியவில்லை. பிள்ளைகள் மறுபடியும் தேர்வு எழுத வேண்டியதாயிற்று.

முகவரியின் தொடக்கத்தில் ‘டெஸ்ட்’ என்று இருந்ததால், டெஸ்ட் எழுதும் இடம் அதுதான் என்று ஆசிரியர் நினைத்துவிட்டார். அவர் நினைத்ததில் பிழையே இல்லை; நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு என்ன பொருள்? பெயர் வைத்த நாங்கள்தான் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். அந்த ஆசிரியரிடமும் மாணவர்களிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். வரும் மாதம் முதல் அதன் பெயர் ‘ஒத்திகைத் தளம்’. முகவரியிலும் அந்தச் சொல்லே இருக்கும்.

இரண்டு தளங்கள் எதற்கு என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தளங்களும் இயங்கும் மூடுல் என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருளில் பெரிய பதிப்பு ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. புதிய பதிப்புக்கு மாற்றினால் தரவுத்தளத்தின் அமைப்பே மாறிவிடும். பிடிக்கவில்லை என்று பழைய பதிப்புக்கு இறக்க வழியில்லை. முன்பு எடுத்து வைத்த காப்பு நகலுக்குத்தான் திரும்ப முடியும். அப்படித் திரும்பினால், நகல் எடுத்த பிறகு மாணவர்கள் ஒப்படைத்தது எல்லாம் போய்விடும். அதனால்தான் எந்த மாற்றத்தையும் முதலில் ஒத்திகையில் செய்து பார்க்கிறோம். ஒருமுறை மதிப்பெண் பட்டியலுக்கான செருகுநிரல் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) ஒன்று புதிய பதிப்பில் திறக்கவே இல்லை. ஒத்திகையில் நடந்ததால் யாருக்கும் சேதமில்லை.

“ஒத்திகையில் செய்ததை அப்படியே நேரடித் தளத்துக்குத் தள்ளிவிடக் கூடாதா?” என்பது அடுத்த கேள்வி. உங்கள் தேர்வுப் பக்கத்தைத் திறந்து முகவரியின் கடைசியைப் பாருங்கள். 412 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். நீங்கள் ஒத்திகையில் ஒரு தேர்வை உருவாக்கி அது 412 ஆகும் அதே வாரத்தில், நேரடித் தளத்தில் வேறொரு துறை ஆசிரியரின் ஒப்படைப்பு 412 ஆகியிருக்கலாம். இரண்டு தரவுத்தளங்களையும் ஒன்றாகக் கலந்தால் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. ஆகவே முழு நகல் நேரடித் தளத்திலிருந்து ஒத்திகைக்கு மட்டுமே வரும். எதிர்த்திசையில் ஒருநாளும் போகாது.

ஆனாலும் ஒத்திகையில் உட்கார்ந்து வினாக்கள் எழுதியவரின் உழைப்பு வீணாகக் கூடாது. சனிக்கிழமைக்குள் அந்தப் பாடத்தைக் காப்பு நகல் எடுங்கள். அந்தத் தேர்வை மட்டும் தேர்ந்தெடுத்து, பயனர்களைச் சேர்க்கும் கட்டத்தில் உள்ள குறியை நீக்கிவிடுங்கள். ‘எம்பிஇசட்’ (.mbz) என்று முடியும் ஒரு கோப்பு கிடைக்கும். அதை நேரடித் தளத்தில் மீட்டமைக்கலாம். இந்த இடத்தில் மட்டும் நிதானம் தேவை. மீட்டமைக்கும்போது, இருக்கும் பாடத்துடன் இணைக்கவா, இருப்பதை அழித்துவிட்டு மீட்டமைக்கவா என்று மூடுல் கேட்கும். இணைப்பதையே தேர்ந்தெடுங்கள். மற்றதைத் தொட்டால், அந்தப் பாடத்தில் மாணவர்கள் இதுவரை செய்ததும் சேர்ந்து அழியும். சந்தேகம் இருந்தால் எங்களை அழையுங்கள். உடன் இருந்து செய்து தருகிறோம்.

பெயரோடு வேறு சிலவும் மாறுகின்றன. ஒத்திகைத் தளத்தின் மேற்பட்டை இனி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கடைசியாக நகல் எடுத்த தேதி அதிலேயே தெரியும். முழு நகல் என்பதால் மாணவர்களின் கடவுச்சொல்லும் அங்கே செல்லுபடியாயிற்று. அன்று 43 பேரும் தடையில்லாமல் உள்ளே நுழைந்தது அதனால்தான். இனி மாணவர் கணக்குகள் அங்கே பூட்டப்பட்டிருக்கும். மாணவர் பார்வையில் பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு மாதிரிக் கணக்குகள் தருகிறோம். ஒத்திகையிலிருந்து மின்னஞ்சல் எதுவும் வெளியே போகாது. நகல் தளத்துக்குத் தான் நகல் என்று தெரியாது. தடுக்காவிட்டால் ‘நாளை கடைசி நாள்’ என்று உண்மையான மாணவர்களுக்கே நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை நகலை ஒரு வாரம் தள்ளிவைக்க வேண்டுமானால், வெள்ளி மாலை 5 மணிக்குள் ஒரு வரி எழுதுங்கள், நிறுத்திவைக்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் பழைய ‘டெஸ்ட்’ முகவரிக்கான இணைப்பு ஏதேனும் கிடந்தால், இந்த வாரமே நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அன்புடன்,
மூடுல் பராமரிப்புக் குழுவினர்