பேனாவை மூடியது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த உளவியல் பேராசிரியையின் நேர்காணலை இரண்டு தடவை படித்தேன். சமூக உளவியலில் முனைவர் பட்டம், இப்போது பல்கலைக்கழகத்தில் பாடம், சாயங்காலம் கிளினிக்கில் மனநலச் சிகிச்சை. சந்தோஷம். ஆனால் ‘கடலோர மக்களுக்கு மனம் திறந்து பேசத் தெரியாது’ என்று அவர் சொன்னதைக் கொட்டை எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்களே, அது யாருடைய யோசனை?

அந்த அம்மையாரை எனக்குத் தெரியும். 2018 மே மாதம் ஆராய்ச்சி மாணவியாகத் தங்கச்சிமடம் வந்தபோது, ‘அக்கா, அக்கா’ என்று கூடவே வந்தவரை வீடு வீடாகக் கூட்டிப்போனது நான்தான். மே மாதம் என்றால் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். இது தெரியாமலா வந்தார்? மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாளை விரித்து, ‘கடந்த இரண்டு வாரங்களில் வேலைகளில் ஆர்வம் குறைந்திருந்ததா?’ என்று கேட்டார். எதிர்வீட்டுப் பாட்டி, “படகே கரையில கிடக்கு, எந்த வேலைல ஆர்வம் வரும் தாயி?” என்றார். ‘கிட்டத்தட்ட தினமும்’ என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. அந்தக் கேள்விக்கு இருப்பதிலேயே உயர்ந்த மதிப்பெண், 3. அப்புறம் பாட்டி 1964 புயலில் தனுஷ்கோடியை விட்டு ஓடிவந்த கதையை ஆரம்பித்தார். பேனாவை மூடிவிட்டு மணி பார்த்தது பாட்டி அல்ல.

உங்கள் பத்திரிகைக்கும் இது புதிதில்லை. மனநலம் பற்றி எது எழுதினாலும் ஏர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த படம்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் கருகியது எங்களுக்கும் மறக்கவில்லை. ஆனால் அவர்களை எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து விட்டுப்போன சொந்தக்காரர்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா? எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மாற்றல் வந்தால் ‘தண்ணியில்லாக் காடு’ என்று நக்கல் வேறு.

இன்னொன்று. முனைவர் பட்டம் வாங்கினார், சிகிச்சை தர ஆரம்பித்தார் என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டீர்கள். என் இளைய மகள் உளவியல்தான் படிக்கிறாள். மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள அதற்கென்று தனிப் படிப்பும், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவும் வேண்டும் என்கிறாள். பேராசிரியை அந்தப் பயிற்சியை எங்கே எடுத்தார் என்று நீங்கள் கேட்கவே இல்லை. உங்களுக்குத் தெரியாததா! படிக்கிற பிள்ளைகள் பட்டம் வாங்கினால் போதும் என்று நினைத்துவிடாதா?

சரி, மறுப்பெல்லாம் போட வேண்டாம். எங்கள் தெருவில் எழுதிக்கொண்டு போனாரே, அந்த ஆய்வில் என்ன கண்டுபிடித்தார் என்று இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஊர் நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். தமிழில் பத்துப் பக்கச் சுருக்கம் என்றாலும் போதும். தபால் செலவை வேண்டுமானால் நானே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பேசத் தெரியாத ஒரு வாசகி,
தங்கச்சிமடம்.