அந்த முழங்கால் படத்தை மறுபடி அனுப்பு

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் உன் குரலே சரியில்லை. ஆய்வக வேலை கேட்டு முப்பது இடத்துக்கு மெயில் போட்டும் ஒரு பதில்கூட இல்லை என்றாய். அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து, நீ அனுப்பியிருந்த அந்த மெயிலைப் படித்தேன்.

முப்பது பேருக்கும் ஒரே மெயில் போயிருக்கிறது, கண்ணு. 'உங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம்' என்கிறாய். எந்த ஆய்வு என்று சொல்லவில்லை. நீ யார் என்பதும் அதில் தெரியவில்லை.

பொங்கல் லீவில் லேப்டாப்பில் காட்டினாயே, ஃபாஸ்ட்எம்ஆர்ஐ என்ற பொதுத் தொகுப்பில் இருக்கும் முழங்கால் எம்ஆர்ஐ ஸ்கேன் படங்கள். அளவீட்டைக் கால்வாசியாகக் குறைத்துவிட்டு, மீதியைக் கணக்கால் மீட்டிருந்தாய். மீட்ட படம் அசலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண் நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டாய். நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, மெனிஸ்கஸ் என்ற முழங்கால் குருத்தெலும்பின் ஓரத்தில் இருந்த மெல்லிய கோடு காணோமே என்றேன். அசலோடு வைத்துப் பார்த்தோம். உண்மையிலேயே மழுங்கிப் போயிருந்தது. அந்தக் கோடு கிழிசலாக இருந்தால் டாக்டர் தவறவிட்டிருப்பார். அன்று ராத்திரி இரண்டு மணிவரை அதையே நோண்டிக்கொண்டிருந்தாய். மெயிலில் எழுத வேண்டியது அதுதான்! எங்கே மழுங்கியது, ஏன், என்ன மாற்றிப் பார்த்தாய் என்று ஐந்தாறு வரி. நீ எழுதிய புரோகிராமை கிட்ஹப் தளத்தில் போட்டு லிங்க் கொடு.

சிடி ஸ்கேன் கன்சோலில் எனக்குக் காலையில் முதல் வேலை, மெஷினைச் சோதிக்கிற பேன்டம் என்ற தண்ணீர் நிரப்பிய உருளையை ஸ்கேன் எடுப்பது. சிடி அளவுகோலில் தண்ணீர் 0 காட்ட வேண்டும், காற்று −1000. தண்ணீர் 7, 8 என்று காட்டினால் அதை நோட்டில் எழுதிவைத்து, சரிசெய்த பிறகுதான் நோயாளியை ஏற்றுவேன். தப்பாக வந்ததை எழுதிவைக்கிறவளை எந்த ஆய்வகமும் விரும்பும்.

ஐந்து பேரை மட்டும் எடுத்துக்கொள். ஒவ்வொருவரின் சமீபத்திய கட்டுரை ஒன்றை முழுசாகப் படித்த பிறகு எழுது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் (ஐஐஎஸ்சி) கணக்கீட்டு, தரவு அறிவியல் துறையைப் பார். சென்னை ஐஐடி மூளை மையத்தில் 2024 கடைசியில் கருச்சிசு மூளைகளின் 5,132 மெல்லிய வெட்டுகளைப் படமெடுத்து வெளியிட்டார்களே, அத்தனையையும் வரிசையாகப் பொருத்தக் கணக்குத் தெரிந்தவர்கள் வேண்டாமா? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தையும் விடாதே. பிராஜக்ட் வேலை விளம்பரங்கள் அவரவர் தளத்தில்தான் வரும், சீக்கிரமே முடிந்தும் போகும். வாரம் ஒருமுறை பார்த்துவிடு.

தற்காலிக வேலைதானே என்று அப்பா கவலைப்படுகிறார். நான் பேசிக்கொள்கிறேன். ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆய்வாளர் வேலை என்றால் மாதம் 37,000 ரூபாய். உன் செலவுக்குப் போதும். ஆனால் இன்டர்வியூவில் ஒன்றைக் கூச்சப்படாமல் கேள்: பிராஜக்ட் பணம் இன்னும் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது? நான்கு மாதம்தான் என்றால் யோசிக்க வேண்டும்.

அந்த முழங்கால் படங்கள் இரண்டையும் எனக்கு மறுபடி அனுப்பு. வாட்ஸ்அப்பில் வேண்டாம், சுருக்கிவிடும், மெயிலில் போடு. கண்ணாடி மாற்றியிருக்கிறேன், இப்போது இன்னும் நன்றாகத் தெரிகிறது.

அம்மா