கல்லுக் கிடங்கை மூடிவிடாதீர்கள்

வலிகாமம் வடக்குப் பிரதேச சபையின் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக் காணியைப் பற்றித்தான் எழுதுகிறேன்; அங்கே கல் தோண்டிய கிடங்குகளை மூடாமல் பூங்காவாக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அது எங்கள் கையில் இல்லை, கொழும்பின் கையில் என்று சொல்வீர்கள். சரி, தெரியும். ஆனால் அந்தக் கிடங்குகளைச் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் அள்ளுவது கொழும்புச் சனம் இல்லையே, அதனால்தான் முதலில் உங்களிடம் வருகிறேன்.

1950இல் தொடங்கிய பக்டரி 1990இல் சண்டையோடு நின்றது. என் பெரியப்பா அங்கே வேலை செய்தவர். வேலை முடிந்து வந்தால் சைக்கிளை முற்றத்தில் சாத்திவிட்டு நேரே கிணற்றடிக்குத்தான் போவார், புருவ மயிரில்கூடச் சாம்பல் தூள் நிற்கும், பெரியம்மா அவருடைய சட்டையை மற்ற உடுப்புகளோடு ஒருநாளும் ஊறப்போட்டதில்லை. அந்தச் சீமெந்துக்குக் கல் எடுத்த இடங்கள்தான் இன்றைக்குச் செங்குத்துச் சுவரும் பச்சைத் தண்ணீருமாகக் கிடக்கின்றன.

பூங்கா என்றதும் எல்லோரும் வெளிநாட்டு ஆற்றங்கரைப் படங்களைக் காட்டுகிறார்கள். நமக்கு ஆறு ஏது? வழுக்கையாறு மாரியில் மட்டும்தான் ஆறு. எங்களிடம் இருப்பது கடலும், சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்குகிற மழைத் தண்ணீரும். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும், ஓரிடத்தில் ஊற்றியது வேறோரிடத்துக் கிணற்றில் வந்து நிற்கும். சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? அங்கே எண்ணெய் மண்ணுக்குள் இறங்கித்தான் கிணற்றுக்குப் போனது, இங்கே இறங்குவதற்கு மண்ணே இல்லை, திறந்துதான் கிடக்கிறது. ஆகவே குப்பை கொட்டி நிரப்பலாம், மேலே மண் போட்டுப் புல் வளர்க்கலாம் என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால், தயவுசெய்து அந்தக் கோப்பைத் திறக்கவே வேண்டாம்.

கிடங்கைக் கிடங்காகவே வைத்துக்கொண்டு அழகாக்க முடியும். கனடாவில் வான்கூவர் தீவில் புச்சார்ட் தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் சீமெந்துக்குச் சுண்ணாம்புக் கல் தோண்டிய கிடங்குதான். கல் முடிந்த பிறகு ஆலை முதலாளியின் மனைவி ஜெனி புச்சார்ட் குதிரை வண்டியில் மண் கொண்டுவந்து கொட்டித் தோட்டம் போட்டார், 1921இல் முடிந்தது. பழைய சூளையின் புகைபோக்கி ஒன்றை இன்றும் நிற்க விட்டிருக்கிறார்கள். (நுழைவுச்சீட்டு விலை மட்டும் கொஞ்சம் அதிகம், அதை நாங்கள் பார்த்துப் பழக வேண்டாம்.)

அமெரிக்காவில் சியாற்றில் ஏரிக்கரையில் இருந்த பழைய எரிவாயு ஆலையையும் 1975இல் பூங்காவாகத் திறந்தார்கள், ஆனால் மண்ணில் ஊறிய தார் அதற்குப் பிறகும் பல வருடம் தலையிடி கொடுத்தது. எனவே நாடா வெட்டுவதற்கு முதல் மண்ணையும் தண்ணீரையும் சோதிக்க வேண்டும், அந்த முடிவுகளைத் தமிழில் எழுதிச் சபை வாசலில் ஒட்டவும் வேண்டும்.

இன்னொன்று. பூங்கா என்ற பேரில் சனத்தின் ஒரு பரப்புக் காணிகூடப் போகக்கூடாது. இடம்பெயர்ந்து முப்பத்தைந்து வருடமாகியும் வளவுக்குள் காலடி வைக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் கேட்பது தொழிற்சாலைக் காணிக்குள் கிடங்குகளையும் கடலோரத் துண்டையும் மட்டும்தான். மிச்சத்தில் கைத்தொழில் வலயம் வந்தால் வரட்டும், பெடியளுக்கு வேலை வேண்டும், ஆனால் திரும்பவும் கல் தோண்டுகிற வேலையாக அது இருக்கக் கூடாது.

பெரிய செலவும் இல்லை. கிடங்கின் விளிம்பிலிருந்து தள்ளி உறுதியான வேலி, வேம்பும் பூவரசும் நாலு வரிசை, ஒழுங்கான மலசலகூடம், றோட்டு வெள்ளம் எண்ணெயோடு கிடங்குக்குள் ஓடாமல் ஒரு வாய்க்கால். ரயில் காங்கேசன்துறை வரைக்கும் வருகிறது, யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து கச்சான் கொறித்தபடி கடல் பார்த்துவிட்டு, செலவில்லாமல் திரும்பலாம்.

அடுத்த சபைக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போதும்: கிடங்குக்குள் எதையும் கொட்டத் தடை, தண்ணீர்ச் சோதனைக்கு ஒரு கோரிக்கைக் கடிதம். உட்காரும் வாங்கு எந்த மரத்துக்குக் கீழே என்ற சண்டையைப் பிறகு ஆறுதலாகப் பிடிக்கலாம்.